எதிரே ஒரு ஆள்

அவர் தடுக்கவே இல்லை.

முதலில் 4 அடித்தேன், வாங்கிக்கொண்டார். அடுத்து 5, அதையும் வாங்கிக்கொண்டார். தாளில் 20 என்று இருந்த தன் உயிர்க்கணக்கை அடித்துவிட்டு, நிதானமாக 11 என்று எழுதினார். அவர் கையில் நான்கு சீட்டும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட எனக்குக் குறுக்கே போடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அவர் முறை. மூன்று நீலச் சீட்டுகளை வரிசையாக மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 3 காசு, ஆக 9. அதில் இரண்டைத் தன் நாயகன் பிராவோவுக்குக் கொடுத்தார். மீதி ஏழுக்குக் கையில் கடைசியாக இருந்த சீட்டை இறக்கினார். கிரிப்ளிங் கிரஷ் என்று பெயர். வலு 11. பிராவோவுக்குக் கொடுத்த அந்த இரண்டு காசின் பலன் என்னவென்றால், என்னிடம் எத்தனை சீட்டு இருந்தாலும் கையிலிருந்து ஒன்றை வைத்துத்தான் தடுக்க முடியும். தடுத்தேன். 3 குறைந்தது, 8 என்மேல் விழுந்தது. நான்கோ அதற்கு மேலோ அடி பட்டால் எதிராளியின் கையிலிருந்து இரண்டு சீட்டு போகும் என்று அதில் எழுதியிருந்தது. பார்க்காமல் இரண்டை உருவிப் போட்டோம். என் முறை வந்தபோது கையில் மிச்சம் ஒன்றே ஒன்று.

"நான் தடுக்காம இருந்தப்பவே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கணும்" என்றார். பேருந்து ஓட்டுகிறவர், அன்று சீருடையோடுதான் வந்திருந்தார். "நாலு சீட்டையும் ஒருத்தன் விடாம வச்சிருந்தா, அவன் எதுக்கோ சேர்த்துவைக்கிறான்."

அது என் மூன்றாவது வியாழக்கிழமை. ஆட்டத்தின் பெயர் ஃப்ளெஷ் அண்ட் பிளட். சதையும் ரத்தமும் என்று சொல்லுக்குச் சொல் பார்த்தால் பயமாக இருக்கும். ஆங்கிலத்தில் அது, ஆள் நேரிலேயே வந்து முன்னால் நிற்பதைக் குறிக்கும் பேச்சு. இந்த ஆட்டத்தின் எல்லா விஷயமும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன். அன்று அது தெரியாது.

இந்த ஆட்டம் நடக்கும் கடைக்குப் போனது மகனுக்காக. 2022-ல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்ட்டில் கொரோனாவுக்காக நாங்கள் இருக்கும் ஆக்லாந்தை மூடியவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் திறக்கவில்லை. பள்ளி, நண்பர்கள், பாட்டு வகுப்பு எல்லாம் கணினித் திரைக்குள் போய்விட்டிருந்தன. மறுபடி வெளியே வந்தபோது, பிள்ளை எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்பட்டான். பள்ளித் தோழன் ஒருவன் இந்த ஆட்டத்தைச் சொல்லியிருக்கிறான். "வாரத்துல ஒரு நாள்தாம்மா" என்றான். சரி என்றேன்.

சீட்டு என்ற சொல்லே எங்கள் வீட்டில் நல்ல சொல் இல்லை. திருச்சியில் என் பெரிய தாத்தா சீட்டாடி ஒரு வீட்டை விட்டார். அதனால் கல்யாண வீட்டில் ரம்மி போடும் கூட்டத்தின் பக்கம் எங்களை விடமாட்டார்கள். ஆனால் சீட்டு சேர்க்கும் ஆசை எந்தக் குழந்தையைத்தான் விட்டது? பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை நான் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். தம்பி காலத்தில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. உயரம், எடை, ரேங்க் என்று கேட்டு, எதிராளியின் அட்டையைப் பிடுங்குவது. வாங்கிச் சேர்த்து, மாற்றிக்கொண்டு, அதையே வைத்து ஆடும் இந்த வகை ஆட்டத்தை இன்று ட்ரேடிங் கார்டு கேம் என்கிறார்கள். 1993-ல் மேஜிக், 1996-ல் போகிமான், 1999-ல் யூகியோ. இந்த மூன்றும் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே புதிதாக ஒன்று நுழைந்து நிற்பது லேசான காரியம் இல்லை.

முதல் நாள் கடையின் பின்பக்க அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு என்றால் ஒருவருக்கு ஆள் இல்லை. அந்தச் சுற்றில் ஆடாமலேயே வெற்றி எழுதிவிடுவார்கள், பை என்பார்கள். சின்னவன் என்பதாலோ என்னவோ, அது என் மகனுக்கு விழுந்தது. ஆட வந்த பிள்ளை சுவரோரம் போய் நின்றான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உட்காருறீங்களா?" என்று கேட்டு ஒரு சிறிய கட்டை நீட்டினார். ஐரா வெல்கம் டெக். புதிதாக வருபவர்களுக்கு நிறுவனமே கடைகள் மூலம் இலவசமாகக் கொடுத்த கட்டு அது. ஒரு சின்ன உபகாரம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

ஒரே சீட்டு, நாலு வேலை

ஆட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அந்த அறையில் இருப்பவர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஆளுக்கு ஒரு நாயகன் அல்லது நாயகி. போர்வாள் ஏந்திய டொரிந்தியா, நிஞ்சா கட்சு, காட்டுமுரடன் ரைனார், சம்மட்டி தூக்கும் பிராவோ. 2019 அக்டோபரில் வெல்கம் டு ரேத் என்ற முதல் தொகுதி வந்தபோது இருந்த நால்வர் இவர்கள். ரேத் என்பது இவர்கள் வாழும் கற்பனை நாடு. ஆயுதமும் தலை, மார்பு, கை, கால் கவசங்களும் தொடக்கத்திலேயே மேசைமேல் இருக்கும். கையில் நான்கு சீட்டு. உங்கள் முறை முடியும்போது மறுபடி நான்காக நிரப்பிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சீட்டின் மேற்பகுதியிலும் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம். செலவுக்குக் காசாகக் கொடுத்தால் சிவப்புக்கு 1, மஞ்சளுக்கு 2, நீலத்துக்கு 3. இதை பிட்ச் பண்ணுவது என்பார்கள். பெரும்பாலான சீட்டுகள் இந்த மூன்று நிறத்திலும் வரும். வூண்டிங் புளோ என்ற எளிய தாக்குதல் சீட்டு சிவப்பில் வலு 4, மஞ்சளில் 3, நீலத்தில் 2. அடிக்க நல்லது சிவப்பு. ஆனால் அதைக் காசாக மாற்றினால் ஒன்றும் தேறாது. நீலம் அடிக்க லாயக்கில்லை. ஆனால் மடி நிறையக் காசு.

அதே சீட்டைக் குறுக்கே போட்டுத் தடுக்கலாம். பெரும்பாலானவை 3 தடுக்கும். அடுத்த முறைக்கென்று ஒன்றை மட்டும் கவிழ்த்து ஒதுக்கி வைக்கலாம், ஆர்செனல் என்ற இடத்தில். ஆக, கையில் இருக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு வேலை: அடி, காசு, தடுப்பு, சேமிப்பு. எந்தச் சீட்டும் வீண் இல்லை. ஒன்றுக்கு ஆக்கினால் இன்னொன்றுக்கு ஆகாது. மேஜிக்கில் நிலச் சீட்டு வராமல் ஆட முடியாமல் தவிப்பதை அந்த ஆட்டக்காரர்களே புலம்பிக் கேட்டிருக்கிறேன். இங்கே காசுக்கென்று தனிச் சீட்டு தேவையில்லை, எதையும் காசாக்கலாம். கை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தடுக்கச் செலவழித்த சீட்டு உங்கள் முறை வரும்போது கையில் இருக்காது. எல்லாவற்றையும் தடுத்தால் உயிர் மிஞ்சும், அடிக்க ஒன்றும் மிஞ்சாது. எதையும் தடுக்காமல் வாங்கிக்கொண்டால் நாலு சீட்டோடு திருப்பி அடிக்கலாம். பேருந்து ஓட்டுநர் செய்தது அதுதான். மூன்று நீலமும் ஒரு சிவப்பும் கையில் கூடியது என்று பார்த்தவுடன், 9 அடியை வாங்கிக்கொண்டு அந்த நாலையும் காப்பாற்றினார். கையிலிருந்து எத்தனை சீட்டு வருகிறது, எத்தனை வரவில்லை என்பதே இந்த ஆட்டத்தில் ஒருவர் பேசும் பேச்சு.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காசாகக் கொடுத்த சீட்டுகள் குப்பைக்குப் போவதில்லை. முறை முடிந்ததும் கட்டின் அடிக்குப் போகின்றன. ஆட்டம் நீண்டால், மேலே இருந்தவை தீர்ந்து, நீங்கள் அடியில் வைத்த அதே வரிசையில் திரும்ப மேலே வரும். எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பை வைத்தோம் என்று நினைவு வைத்திருப்பவர்களுக்கு இருபது நிமிடம் கழித்து வரப்போகும் கை இப்போதே தெரியும். பாட்டியோடு பல்லாங்குழி ஆடும்போது, எந்தக் குழியில் எடுத்தால் எந்தக் குழியில் முடியும் என்று அவர் விரலால் தொடாமலே கண்ணால் சுற்றிவருவார். அந்தக் கண்ணை நாற்பது வருஷம் கழித்து ஆக்லாந்தில், முன்கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு வாலிபனிடம் பார்த்தேன்.

கதவு மூடிய வாரம்

இந்த ஆட்டம் ஆக்லாந்திலேயே பிறந்தது. ஜேம்ஸ் வைட் என்பவர் 2012-ல் லெஜண்ட் ஸ்டோரி ஸ்டுடியோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் தொகுதி கடைக்கு வர ஏழு வருஷம் ஆயிற்று. மனிதர்களை நேருக்கு நேர் உட்கார வைப்பதே நோக்கம் என்று நிறுவனம் தொடக்கத்திலிருந்து சொல்லிவருகிறது. மற்ற நிறுவனங்கள் எல்லாம் கைபேசிக்குள் ஆட்டத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் கைபேசிப் பதிப்பு கொண்டுவரவில்லை. உள்ளூர்க் கடைகளுக்கு வாராந்தர ஆட்டத்துக்கான பரிசுச் சீட்டுகளை அனுப்பினார்கள். ஆர்மரி என்று பெயர் வைத்த அந்த வாரக்கூட்டம்தான் நாங்கள் போகும் வியாழக்கிழமை.

இரண்டாவது தொகுதி ஆர்கேன் ரைசிங் 2020 மார்ச் கடைசியில் வெளியானது. நியூசிலாந்து முழு முடக்கத்துக்குள் போனதும் அதே வாரம். நேரில் உட்கார்ந்து ஆடுவதற்கென்றே செய்த ஆட்டம். ஊரில் ஒருவர்கூட இன்னொருவர் எதிரே உட்கார முடியாது. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பிசைகிறது. ஏழு வருஷ உழைப்பு.

ஆடுகிறவர்கள் விடவில்லை. மேசைக்கு மேலே கைபேசியைக் கட்டித் தொங்கவிட்டு, கேமரா வழியே ஒருவர் மேசையை இன்னொருவர் பார்த்து ஆடினார்கள். உயிர்க்கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். இன்று எங்கள் அறையில் இருக்கும் பழைய ஆட்கள் பலர் அந்த நாட்களில் முகம் தெரியாமல் கைகளை மட்டும் பார்த்துப் பழகியவர்கள். பிறகு நேரில் சந்தித்தபோது மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டதாக ஒருவர் சொன்னார்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. உலகம் முழுக்க வீட்டில் அடைபட்டவர்கள் பழைய சீட்டுகளைச் சொத்தாக வாங்க ஆரம்பித்தார்கள். முதல் அச்சு வெல்கம் டு ரேத் பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. ஆட வேண்டிய சீட்டு பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. ஆடுகிறவனுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு. அரிசி மூட்டையைப் பதுக்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 2022-ல் ஹிஸ்டரி பேக் என்று பழைய சீட்டுகளை மறுபடி அச்சிட்டார்கள். முதல் பதிப்பு, அன்லிமிடெட் பதிப்பு என்று பிரித்து விற்பதையும் அதே வருஷம் விட்டார்கள். ஏற்றிவைத்த விலை இறங்கியதில் நஷ்டப்பட்டவர்கள் உண்டு. எங்களைப் போலப் பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்ததும் அதனால்தான்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் முதலில் கேட்பது அது. நான் செய்த முதல் தப்பு, மகன் கேட்டான் என்று ஒரு முழுப் பெட்டி வாங்கியது. 24 பாக்கெட். பிரித்து முடித்தபோது தரையெல்லாம் சீட்டு. ஆனால் எந்த நாயகனுக்கும் ஒரு கட்டு சேரவில்லை. நிஞ்சாவுக்குப் பத்து, மந்திரவாதிக்கு எட்டு என்று சிதறிக் கிடந்தது. ஒரு வாரத்து மளிகைச் செலவைத் தாண்டிய தொகை. அடுத்த வியாழன் அதைக் கேட்ட ஒரு நர்ஸ், தன் ஃபைலைத் திறந்து எங்களுக்குத் தேவையான சாதாரணச் சீட்டுகளைத் தேடித்தேடி எடுத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. "ஒரு நாயகனை எடுங்க. ஆறு மாசம் மாத்தாதீங்க. வேணுங்கிற சீட்டை ஒத்தையா வாங்குங்க" என்றாள். அதைவிட நல்ல புத்திமதி இதுவரை நான் கேட்டதில்லை.

விலை ஏறிய சீட்டுகள் இல்லாமல் இல்லை. ஃபியண்டால்ஸ் ஸ்பிரிங் டியூனிக் என்று ஒரு மார்புக்கவசம். மூன்று முறைக்கு ஒரு தரம் ஒரே ஒரு காசு கொடுக்கும், அவ்வளவே. எந்த நாயகனும் அணியலாம் என்பதால் எல்லோருக்கும் அது வேண்டும். நூறு அமெரிக்க டாலருக்குமேல் விற்ற காலம் உண்டு. ஒரு சட்டை இல்லாததால் ஒரு மாணவன் பெரிய போட்டிக்குப் போகத் தயங்குவது சரியில்லை என்பதே என் கருத்து. வாரக்கூட்டத்துக்கு அது தேவையில்லை. சின்ன வயது நாயகனும் 40 சீட்டும் 20 உயிரும் கொண்ட பிளிட்ஸ் முறையில்தான் நாங்கள் பழகினோம். ஆட்டம் அரை மணிக்குள் முடியும். அதற்கு ஆயத்தக் கட்டே போதும். 60 சீட்டுக் கட்டும் பெரும்பாலும் 40 உயிரும் கொண்ட பெரிய முறை அப்புறம் வந்தால் போதும்.

நாற்காலியைச் சுற்றி

அறையில் யார் இருக்கிறார்கள்? ஓட்டுநரையும் நர்ஸையும் பற்றிச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் ஒரு பையன். ஒரே கட்டை மாற்றி மாற்றி ஆடும் பிலிப்பினோ தம்பதி. வேலை போன மாதத்தில்கூட ஒரு வியாழனும் தவறாமல் வந்த ஒரு தச்சர். வெளியே எங்கேயும் இவர்கள் ஒரே மேசையில் உட்கார வாய்ப்பில்லை.

இவர்களுக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. தெரியாத சீட்டை இறக்கினால் அதைத் திருப்பி எதிராளி படிக்கும்படி வைப்பார்கள். அவர் படித்து முடிக்கும்வரை கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே எழுவதில்லை. தோற்றவர், "எங்கே விட்டேன்?" என்று கேட்பார். ஜெயித்தவர் மூன்று முறை பின்னால் போய், "அந்த மஞ்சளைத் தடுப்புக்குப் போட்டீங்களே, அங்கேதான்" என்று சொல்வார். நான் எத்தனையோ அலுவலகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். தோல்வியை இவ்வளவு நாகரிகமாகப் பேசி முடிக்கும் மனிதர்களை வேறெங்கும் பார்க்கவில்லை.

எல்லாம் இனிப்பு என்று சொல்லமாட்டேன். பெண்கள் குறைவு. வேறு ஓர் இடத்தில் நடந்த போட்டியில் எதிரே வந்து அமர்ந்தவர், "மகனுக்காகக் காத்திருக்கீங்களா?" என்று கேட்டார். சீட்டைக் கலைத்துக்கொண்டே, "உங்களுக்காகத்தான்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அப்படி ஒரு கேள்வி வந்ததும், அந்தக் கூடத்தில் என்னோடு சேர்த்து மூன்றே பெண்கள் இருந்ததும் மறக்கவில்லை. நர்ஸும் நானும் அதன்பிறகு புதிதாக எந்தப் பெண் வந்தாலும் முதல் ஆட்டத்தை எங்களில் ஒருவரோடு ஆட வைக்கிறோம்.

மேலே ஒரு பெரிய உலகமும் இருக்கிறது. முதல் உலகப் போட்டி 2022-ல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் நடந்தது. அடுத்த வருஷம் பார்சிலோனா, அதற்கடுத்து ஒசாகா. அந்தப் போட்டிகளோடு ஒரு விசித்திரமான விதியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாயகனை வைத்து ஆடுபவர்கள் போட்டிகளில் ஜெயிக்க ஜெயிக்க அந்த நாயகனுக்குப் புள்ளிகள் சேரும். 1000 தொட்டால் லிவிங் லெஜண்ட். பிறகு அந்த நாயகனை வழக்கமான போட்டிகளில் ஆட முடியாது. மிகவும் ஜெயித்ததாலேயே ஓய்வு. ஸ்டார் ஆஃப் தி ஷோ என்ற இன்னொரு பிராவோ 2022-ல் வந்து, சில மாதங்களிலேயே அந்த இடத்துக்குப் போய்விட்டான். அவனை வெறுத்தவர்கள்கூட, கடைசி வாரத்தில் அவனை ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு அனுப்பினார்களாம். வலுவானவன் எப்போதும் சிம்மாசனத்தில் இருக்க முடியாது என்பதை ஆட்டத்தின் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மகன் பதினான்கு வயதில் கைப்பந்துக்குப் போய்விட்டான். வருத்தமில்லை. எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச அவன் கற்றுக்கொண்டது அந்தப் பின்பக்க அறையில். வியாழக்கிழமை இப்போது என்னுடையது. சாண்ட்ரிங்ஹாம் சாலையில் கறிவேப்பிலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடு நேராகக் கடைக்குப் போகிறேன். பிராவோவைத்தான் ஆடுகிறேன். ஓட்டுநர் சிரித்தார். தன்னுடைய பழைய கிரிப்ளிங் கிரஷ் ஒன்றை எனக்கு மாற்றிக் கொடுத்தார்.

போன மாதம் ஒரு டோங்கா இளைஞன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான். அன்றும் ஏழு பேர். நாற்காலியைக் காட்டினேன். "எனக்கு ஆடத் தெரியாது ஆன்ட்டி" என்றான். பசிபிக் தீவுப் பிள்ளைகளும் நம்மைப்போல மூத்த பெண்களை ஆன்ட்டி என்றுதான் அழைப்பார்கள். ஐரா கட்டை அவன் பக்கம் தள்ளினேன். தடித்த விரல்கள், பெரிய கை. சீட்டு கசங்கிவிடுமோ என்று பயந்து பயந்து பிடித்தான். அரை மணியில் காசு எது, தடுப்பு எது என்று பிடிபட்டுவிட்டது.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, 4 அடித்தான். வாங்கிக்கொண்டேன். இரண்டாவது அடி 5. அதையும் வாங்கிக்கொண்டு, கணக்கை எழுத பென்சிலை எடுத்தேன்.

அவன் அடுத்த சீட்டை இறக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் தடுக்கல?"